பாதாள ராசாவிடம் கேட்டது

வெல்டிங் கடையிலிருந்து வந்த காபைட் நெடி இன்று என்னை, மட்டக்களப்பு வாவிக்கரையில் காற்றுக்குப் படபடத்துக்கொண்டு நின்ற, காபைட் விளக்கில் படம் காட்டிய, இப்போது இல்லாத படக்கூடாரத்துக்கு இழுத்துப் போயிற்று. ஊமைப்படங்களுக்குத் தகரக்குழலில் கதை சொல்வது அப்பாவின் வேலை. அன்று ஒரு கிரேக்க வேடிக்கைப் படம்; செத்த மனைவியை மீட்கப் பாதாளம் போனவனை மூன்று தலை நாய் நக்கிக் கொஞ்ச, சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்தேன்.

“அப்பா, அம்மாக்குக் காய்ச்சல் கூடிட்டு. கூப்பிட்டாலும் பேசுறா இல்ல.”

அப்பா திரையில் தெரிந்த பாதாள ராசாவை நிமிர்ந்து பார்த்துக் குழலில் சொன்னார்.

“ஐயா, அவளத் தந்திடுங்க. எங்கட புள்ள சின்னன்.”

படத்தில் பிள்ளையே இல்லை. சனம் இன்னும் சிரித்தது. குழலை எறிந்துவிட்டு அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அம்மாவுக்குத் துணையிருந்த மாமி வாசலில் நின்றார். எங்களைக் கண்டதும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.