டானாங் கடலில் ஆடி அமாவாசை

எனக்குப் பத்து வயதில் ரொறன்ரோவிலிருந்து வியட்நாமின் டானாங் நகரத்துக்கு விடுமுறைக்குப் போனோம். அப்பாவோடு வேலை செய்த வியட்நாம்காரர் ஒருவர் தன் ஊர்க் கடற்கரையை வாயோயாமல் புகழ்ந்திருந்தார். போய் இறங்கினால், இப்போது அவரே வந்தாலும் வழி கேட்டுத்தான் நடக்கவேண்டும் போலிருந்தது. கொரிய எழுத்தில் கடைப்பலகைகள், ரஷ்ய மொழியில் சாப்பாட்டு விலைகள், கண்ணாடிக் கட்டடங்களுக்கிடையில் ஒரு தோசைக்கடை. ரொறன்ரோவில் நாங்கள் இருந்த ஸ்காபரோவைத் தூக்கிக் கடலோரம் வைத்தது மாதிரி. இத்தனை விதமான சனத்துக்குள் எங்களை யாரும் வேடிக்கை பார்க்கப்போவதில்லை என்று எனக்குப் பெரிய நிம்மதி.

ஒரு விடியற்காலை அப்பா என்னை மட்டும் எழுப்பினார்.

“இண்டைக்கு ஆடி அமாவாசை. கடலுக்குப் போட்டு வருவம். இந்த நேரம் ஒரு குருவியும் இராது.”

ஊரே அங்கேதான் இருந்தது. டானாங்காரர் வெயில் ஏறுமுன் கடலில் குளித்துவிடுகிறவர்கள் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? தொப்பி போட்ட பெண்கள் பாட்டுக்கு உடற்பயிற்சி செய்தார்கள். கொரியப் பிள்ளைகள் செல்பி எடுத்தார்கள். அதற்குள் அப்பா வேட்டியோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, எள்ளும் தண்ணீரும் இறைத்தார். பிறகு கத்தி அழத்தொடங்கினார். ஆள் சாகப்போகிறார் என்று நினைத்த கடற்கரைக் காவலாளி விசில் ஊதிக்கொண்டு பாய்ந்து, அவரை இழுத்துவந்து மணலில் போட்டார். எல்லா நாட்டுக்காரரும் சுற்றி நின்றார்கள். என் மானம் கப்பலேறியது.

“அப்பா, எழும்புங்கோ. எல்லாரும் பாக்கினம்.”

திரும்பி நடக்கும்போது அப்பா, “சித்திக்கு உதைச் சொல்லிப்போடாதை, என்ன?” என்றார். அவருக்கும் வெட்கம்தான் என்று நினைத்து, உடனே தலையாட்டினேன்.

எங்களோடு வந்திருந்த சித்தி, அப்பாவின் தம்பி மனைவி, ஹோட்டல் வாசலில் நெற்றி நிறையக் குங்குமத்தோடு நின்றார்.

“என்ன அத்தான், கடலிலை குளிச்சனியளோ?”

“ஓம், சும்மா குளிச்சனான்.”

எங்கள் ஊர் வழக்கத்தில் ஆடி அமாவாசை தகப்பனை இழந்தவர்களுக்கு. என் அப்பப்பாவோ அப்போது யாழ்ப்பாணத்தில் தோட்டம் கொத்திக்கொண்டிருந்தார். பிறகு அப்பா யாருக்கு எள்ளிறைத்தார் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. சித்தப்பா போரில் காணாமல் போனவர். அவர் வருவார் என்பதுதான் சித்தியின் உயிர். செத்துப்போனார் என்று எங்கள் வீட்டில் யாரும் வாய்திறக்க முடியாது. தன் தம்பிக்காக ஒருமுறை வாய்விட்டு அழ அப்பா அவ்வளவு தூரம் போகவேண்டியிருந்தது. நான் அவரை எழும்பச் சொன்னேன்.