ஜீப்பில் வந்த சாமி

நதியாவின் கர்ப்பப்பையில் கட்டி. எடுத்தே ஆகவேண்டும். ஆனால் ஆபரேஷனுக்கு இரண்டு முறை தேதி குறித்து, இரண்டு முறையும் பிரஷர் ஏறிக் கிடந்ததால் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"மாத்திரை மட்டும் பத்தாதும்மா. தினமும் பத்து நிமிஷம் கண்ணை மூடி உட்கார்ந்து மூச்சைக் கவனிங்க. அடுத்த மாசமும் குறையலைன்னா மறுபடி தள்ளித்தான் போடணும்" என்றார் டாக்டரம்மா.

பத்து நிமிஷமாம்! எந்தக் கடையில் விற்கிறது என்று கேட்க நதியாவுக்கு வாய் வரை வந்தது.

விடியுமுன் எழுந்து சோறு பொங்கி, தண்ணீர் பிடித்து, தூக்குவாளியோடு கூடலூர் முக்குக்கு ஓடினால் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் டிரைவர் ஸ்டான்லியின் ஜீப் நிற்கும். குமுளிக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் நாள் முழுக்கக் குனிந்து காய் எடுத்துவிட்டு இருட்டும் நேரத்தில் வீடு. ஒரு நாள் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தாள். கண்ணை மூடிய மறுநொடி புருஷன் சங்கரலிங்கம், "என்ன, மேலுக்கு முடியலையா? அப்பக் கொழம்ப யாரு சுட வைக்க?" என்றான். மகள் ஜோதிகாவுக்குச் சார்ஜர் காணவில்லை. அவ்வளவுதான் தியானம்.

மிச்சம் இருந்தது ஜீப் ஒன்றுதான். பதினாலு பெண்கள், ஒருத்தி மடியில் ஒருத்தி, வாய் ஓயாத பேச்சு. மறுநாள் காலை லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் நதியா கண்ணை மூடினாள். மூச்சு உள்ளே, மூச்சு வெளியே. வளைவுக்கு வளைவு உடம்பு ஆடியது. கொண்டை அவிழ்ந்து முடி முகத்தில் விழுந்தது. ஒதுக்கக்கூடத் தெம்பில்லாமல் அப்படியே இருந்தாள்.

"ஏலே ஸ்டான்லி, வண்டிய ஓரங்கட்டு! நதியாவுக்குச் சாமி வந்திருச்சு!" என்று கத்தினாள் பக்கத்தில் இருந்த பிச்சையம்மாள்.

ஸ்டான்லி பிரேக்கை மிதித்துச் சிலுவை போட்டுக்கொண்டான். யாரோ சுருக்குப்பையிலிருந்து திருநீறு எடுத்து நதியாவின் நெற்றி நிறையப் பூசினார்கள். பிச்சையம்மாள் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முறைப்படி கேட்டாள். "வந்திருக்கது யாரு ஆத்தா? ஒனக்கு என்ன வேணும், வாயத் தொறந்து சொல்லு."

கண்ணைத் திறந்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் உனக்கு என்ன வேண்டும் என்று நதியாவை யாரும் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"பத்து நிமிசம் எல்லாரும் சும்மா இருங்க. அம்புட்டுத்தான் வேணும்."

பொங்கலோ சேவலோ கேட்காத சாமியை அந்த ஜீப் அன்றுதான் பார்த்தது. மறுநாள் முதல் லோயர் கேம்ப் வந்ததும் பிச்சையம்மாள் கையைத் தூக்குவாள். பேச்சு நிற்கும். ஸ்டான்லி பாட்டை அணைப்பான். குமுளி வரை எஞ்சின் சத்தம் மட்டும்தான். சாமி பேரைச் சொல்லி ஏமாற்றுகிறோமே என்ற உறுத்தலிலேயே நதியாவுக்கு முதல் வாரத்துப் பத்து நிமிஷங்கள் பாதி போயின. பிறகு அசதி உறுத்தலை ஜெயித்துவிட்டது. மூச்சு மட்டும் மிஞ்சியது.

மாசக் கடைசியில் பிரஷர் இறங்கியிருந்தது. திங்கட்கிழமை ஆபரேஷன். அப்புறம் மூன்று மாசம் ஜீப் ஏறக்கூடாது. கடைசி நாள் காலை ஜீப்பில் ஏறியதும் பிச்சையம்மாளின் காதோரம் குனிந்தாள்.

"மதினி, அது சாமி இல்ல. டாக்டரம்மா சொன்னாகன்னு மூச்சப் பாத்துக்கிட்டு உக்காந்தேன். ஒங்களையெல்லாம் ஏமாத்திட்டேன்."

பிச்சையம்மாள் காய்க்கறை ஏறிய தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தெரியும்டி. சாமி வந்தவ மேலு அனலாக் கொதிக்கும். நீ பச்சத்தண்ணியா இருந்த."

"பெறகு ஏன் சொல்லல?"

"எனக்கு மட்டும் பத்து நிமிசம் யாரு குடுக்கா?"

நதியா பிச்சையம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ மூணு மாசம் வரமாட்ட. அதுவரைக்கும் இங்கன யாரு மேல வரணும்னு சொல்லிட்டுப் போ."

"ஒங்க மேலதான் மதினி."

லோயர் கேம்ப் வந்தது. பிச்சையம்மாள் கையைத் தூக்கவில்லை. கொண்டையை அவிழ்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.