கறுத்துப்போன பில்லுகள்

தவணைக்கு எடுத்த பிரிட்ஜில் ஐஸ் பக்கட் போட்டு விற்றுத்தான் கிண்ணியாவில் என் குடும்பம் ஓடுகிறது. வசூல்காரன் மாதாமாதம் வந்து, ‘ராத்தா’ என்று அக்கா முறை சொல்லிக் கூப்பிட்டு, கையிலுள்ள மெசினில் பில் அடித்துத் தருவான். எனக்கு மெசினில் நம்பிக்கை இல்லை. பின்பக்கத்தில் மாதத்தையும் தொகையையும் எழுதிக் கையெழுத்து வைக்கச் சொல்லிச் சண்டை பிடிப்பேன்.

பில்லுகள் மங்கத் தொடங்கின. பத்திரமாக இருக்கட்டுமென்று எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வரிசையாக வைத்து, ஒரே ஷீட்டாகக் கடையில் லெமினேட் செய்யக் கொடுத்தேன். சூடு பட்டதும் அத்தனையும் அடுப்புக்கரியாகக் கறுத்துவிட்டன. கடைக்காரரை ஏசிவிட்டு, அதைக் கொண்டுவந்து அலுமாரிக்குள் எறிந்தேன்.

போன மாதம் வசூல்காரன் லொறியோடு வந்தான்.

"மூணு மாசம் கட்டல்ல ராத்தா. பிரிட்ஜைத் தூக்கப்போறம்."

"கட்டினனான்!"

"அப்ப பில்லைக் காட்டுங்க."

காட்டினேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"இதென்ன ராத்தா, எக்ஸ்ரேயா?"

லொறியில் வந்தவர்களும் சிரித்தார்கள். ஒருவன் பிரிட்ஜின் வயரைக் கழற்றினான். எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது.

"ஓம், எக்ஸ்ரேதான். உனக்கு நெஞ்செண்டு ஒண்டு இருக்கா எண்டு பார்!"

அதைப் பறித்து அவன் காலடியில் எறிந்தேன். அது புரண்டு விழுந்தது. பின்பக்கம் கறுக்கவே இல்லை. அந்த மூன்று மாதமும் நீல மையில் பளிச்சென்று தெரிந்தன.

"இது யார்ட கையெழுத்து தம்பி?"

அவன் குனிந்து எடுத்துப் பார்த்தான்.

"என்ட மாதிரித்தான் இருக்கு ராத்தா."

"அப்ப வயரைக் கொழுவு. உருகின ஐஸுக்குக் காசை வெச்சிட்டுப் போ."

வைத்துவிட்டுத்தான் போனான்.

இப்போது பில் அடித்தவுடன் அவனையே அதைப் பிடிக்கச் சொல்லி, முகமும் பில்லும் தெரியப் போனில் படம் எடுக்கிறேன். சிரிக்கவும் சொல்கிறேன்.