முடி கேட்டேன், முடித்துக் கொடுத்தாள்

திருவக்கரைத் தாயின் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்த வழுக்கைத் தலையனின் வணக்கம். உங்கள் அனுபவங்களைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கும். நோய் வந்தது, வேண்டினோம், போனது என்று நேராக எழுதிவிடுகிறீர்கள். என் கதை அப்படி நேராகப் போகாது. அவள் எனக்கு அருள் செய்தாள், அதில் சந்தேகம் இல்லை. நான் எதைக் கேட்டேன், அவள் எதைக் கொடுத்தாள் என்பதில்தான் இன்னும் குழப்பம்.

இருபத்து நாலு வயதில் எனக்கு முடி கொட்ட ஆரம்பித்தது. விழுப்புரத்தில் வீடு, திண்டிவனத்தில் ஒரு டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை, தினமும் பஸ். ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுகிறவன் நான். காற்றில் முன்முடி தூக்கிக்கொண்டு உள்ளே இருக்கும் நிலவரம் தெரிந்துவிடும் என்று நடு சீட்டுக்கு மாறினேன். சீப்பில் முடி, தலையணையில் முடி, சாம்பார் சாதத்தில் முடி. தலையில் மட்டும் இல்லை.

வெங்காயச் சாறு தேய்த்தேன். பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகவே வந்தது, அந்த ஒன்றுதான் லாபம். தோல் டாக்டர் ஒருவரைப் பார்த்தேன். பரம்பரை என்றார். எங்க அப்பா கடைசி வரைக்கும் தலை நிறைய முடியோடு இருந்தாரே என்றேன். அம்மா வழியிலும் வரலாம் என்றார். தாய்மாமன் தலை கண் முன்னால் வந்து பளபளத்தது. மருந்து கொடுத்து, விடாமல் போட்டால்தான் பலன், நிறுத்தினால் திரும்பக் கொட்டும் என்றார். நான் போட்டேன், மறந்தேன், மறுபடி போட்டேன். முடிக்கே குழப்பமாகியிருக்கும்.

இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அப்போது சிரிப்பு வரவில்லை. சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்குப் போவதை நிறுத்தினேன். கடையில் வெயில் இல்லாத இடத்திலும் தொப்பியோடு நின்றேன். பெண் பார்த்த இரண்டு இடமும் என் போட்டோவைப் பார்த்ததோடு நின்றுபோயின. இருபத்தேழு வயதில் இனி எனக்கு ஒரு குடும்பம் இல்லை என்று நிஜமாகவே நம்பினேன். அம்மா என் எதிரில் அழ மாட்டாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டு அழுவாள்.

ஆடி மாதப் பௌர்ணமிக்கு அம்மா என்னைத் திருவக்கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கூட்டம் நெரித்தது. வக்கிரகாளியம்மன் எதிரில் போய் நின்றதும் பஸ்ஸில் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. தாயே, முடி குடு என்று மட்டும்தான் வாயில் வந்தது. கேட்டால் பதிலுக்கு ஏதாவது தர வேண்டுமே. கோயில் என்றால் நமக்கு உடனே வருவது மொட்டைதான். முடி குடுத்தால் அந்த முடியை உனக்கே இறக்கிவிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

திரும்பி வரும்போதுதான் உறைத்தது. அம்மாவிடம் சொன்னேன். 

"மொட்ட அடிச்சா இன்னாடா, மறுபடியும் மொளைக்கப் போவுது."

"மொளைக்கலன்னுதானம்மா அவகிட்ட போனோம்."

"அதுக்குன்னு இப்பிடியா வேண்டிக்குவ? நீ கேட்டதும் அதே, குடுக்கறதும் அதே. நடுவுல உனுக்கு இன்னாதான் மிஞ்சும்?"

அம்மா என்ன வேண்டிக்கொண்டாள் என்று கேட்டதற்கு, வெளியே சொல்லக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டாள்.

மாதங்கள் போயின. முடி வரவில்லை, இருந்ததும் போனது. தை மாதம் முகையூர்ப் பக்கத்தில் ஒரு பெண் இருப்பதாகச் சொல்லி அம்மா கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, காய்ந்துகொண்டிருந்தது. பெண்ணின் அப்பா தனியாகத்தான் எங்களை வரவேற்றார். எனக்குக் கை கூப்பி, நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார வைத்து, மரியாதையாகக் கேட்டார்.

"வாங்க, ஒக்காருங்க. மாப்பிள்ள பின்னாடி வந்துக்கினு இருக்காருங்களா?"

அம்மா முகம் செத்துப்போனது. எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் வாய் என் பேச்சைக் கேட்டதே இல்லை.

"நான்தாங்க மாப்பிள்ள. முடிக்குத்தான் அவசரம், முன்னாடியே கெளம்பிப் போயிடுச்சு."

மனிதர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். உள்ளே யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் தவிக்கிற சத்தம் கேட்டது. காபி கொண்டுவந்த பெண்ணின் கை ஆடியது. பயத்தில் என்று அம்மா நினைத்தாள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்துவிட்டேன். கேலி செய்கிறாள், இதுவும் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். 

அடுத்த வாரம் ஒரு காலையில் கடை போனுக்கு அம்மா கூப்பிட்டாள். அழுதுகொண்டிருந்தாள். "முகையூர்க்காரங்க பேசினாங்கடா. முடிஞ்சிடுச்சுடா, முடிஞ்சிடுச்சு" என்றாள். லைன் அறுந்துபோனது.

நீங்களே சொல்லுங்கள். அழுதுகொண்டு முடிஞ்சிடுச்சு என்றால் என்ன அர்த்தம்? மூன்றாவது இடமும் போனது என்று எடுத்துக்கொண்டேன். ஒரு மணி நேரம் எந்த நட்டு எந்த போல்ட் என்று தெரியாமல் நின்றேன். பிறகு அம்மனிடமே கோபித்துக்கொண்டேன். முடியும் தரவில்லை, பெண்ணும் தரவில்லை, அப்புறம் மிச்சம் மட்டும் எதற்கு? பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த சலூனில் போய் உட்கார்ந்து முழுசாக எடுத்துவிடச் சொன்னேன். சலூன்காரர் எந்தக் கோயில் வேண்டுதல் என்று கேட்டார். கோயிலும் இல்லை, ஒன்றும் இல்லை என்றேன். அவர் வேலை ஜல்தியாக முடிந்துவிட்டது. அதிலும் ஒரு அவமானம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாசல் நிறைய செருப்பு. உள்ளே முகையூர்க்காரர் தட்டில் வெற்றிலை பாக்கோடு உட்கார்ந்திருந்தார். நல்ல நாளாக இருக்கிறது, இன்றைக்கே தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று சொந்தபந்தத்தோடு வந்திருந்தார்கள். முடிந்துவிட்டது என்று அம்மா சொன்னது சம்பந்தம் முடிந்துவிட்டதைத்தான். அழுதது சந்தோஷத்தில்.

நான் மொட்டைத் தலையோடு வாசலில் நிற்கிறேன். அவர் எழுந்து நின்று கண் கலங்கினார்.

"சேதி வந்த அன்னிக்கே வேண்டுதலயும் முடிச்சிட்டு வந்துட்டீங்களா மாப்ள?"

அம்மா என் தலையைத் தடவித் தடவி அழுதாள். எனக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். வீடே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. "நீங்க கோவத்துல எடுத்தீங்க, அவ காணிக்கையா எடுத்துக்கினா" என்றார்.

அப்போதுதான் அம்மா தன் வேண்டுதலைச் சொன்னாள். எனக்குப் பக்கத்திலேயே நின்று, என் பையனுக்கு நல்ல இடமா முடிச்சுக் குடு தாயே என்று கேட்டிருக்கிறாள். நான் முடி குடு என்கிறேன், அவள் முடிச்சுக் குடு என்கிறாள், அந்தக் கூச்சலில் அம்மன் காதில் எது விழுந்தது? என்னுடையதைத்தான் சரியாகக் கேட்காமல் இப்படிக் கொடுத்துவிட்டாளா? கல்யாண போட்டோவில் கதம்ப மாலைக்கு மேலே நிலா மாதிரி என் தலை. அதைப் பார்த்துப் பார்த்துக் குழம்பியிருக்கிறேன். சலூனில் இறக்கியது கணக்கில் சேருமோ சேராதோ என்ற பயத்தில், முளைத்த கொஞ்சத்தையும் கல்யாணத்துக்குப் பிறகு திருவக்கரையில் இறக்கிவிட்டேன். இன்றைக்குத் தொப்பி இல்லை. கூப்பிடாத கல்யாணத்துக்கும் போய் முன்வரிசையில் உட்காருகிறேன்.

மொட்டை இறக்கிய அன்றைக்குத்தான் கோயில் வாசலில் என் மனைவியைக் கேட்டேன், என் தலையைப் பார்த்துமா சம்மதித்தாய் என்று. அவள் என் மொட்டையில் சந்தனம் பூசிக்கொண்டே சொன்னாள்.

"எங்கம்மா போனதுலருந்து எங்க வூட்டுல ஒருத்தரும் சிரிக்கலங்க. சிரிக்கிற வூட்டுக்கு என்னை அனுப்புன்னு நான் இங்கதான் வந்து வேண்டிக்கினு இருந்தேன். நீங்க வந்து ஒக்காந்து அந்த வார்த்தைய சொன்னீங்க. சமையல்கட்டுல நான் சிரிச்சிக்கினே அழுதேன்."

ஒரே சந்நிதியில் மூன்று பேர் மூன்று விதமாகக் கேட்டிருக்கிறோம். எந்த வேண்டுதலுக்கு எது பதில் என்று எனக்கு இன்னும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அம்மனுக்குத் தெரியும்.

அதனால் சொல்கிறேன், மனசு உடைந்து போயிருக்கிறவர்களே. டாக்டரையும் பாருங்கள், அவளையும் போய்ப் பாருங்கள். சரியாகக் கேட்கத் தெரியவில்லையே என்று நிற்காதீர்கள், வாயில் வருவதைக் கேளுங்கள். நீங்கள் கேட்டது வராமல் தாமதமானால் மனம் விடாதீர்கள். உங்களை மாதிரி ஒரு ஆள் வேண்டும் என்று வேறு யாரோ அவளிடம் கேட்டு அழுதுகொண்டிருக்கலாம். அவள் அந்தப் பக்கமாக உங்களை அழைத்துப் போய்க்கொண்டிருக்கலாம்.