தண்டால் எடுத்த பூச்சி

எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் ஓடையைக் கொல்லப் பார்க்கிறார். கல்லையெல்லாம் அள்ளிவிட்டு, அடியில் சிமென்ட் போடப் போகிறாராம். கல் ஏற்ற என் டிராக்டரைக் கேட்டார். நானும் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அச்சரப்பாக்கம் பக்கம், மலையடிவார ஓடை அது. எத்தனை லோடு தேறும் என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை போனேன். பள்ளியில் உயிரியல் நடத்தும் என் மனைவியும் வந்தாள். ஒரு கல்லைப் புரட்டினால், அடியில் தட்டையாக, இரட்டை வாலோடு ஒரு பூச்சி. அவளுக்குக் காட்டலாமென்று டிபன் பாக்ஸில் தண்ணீர் பிடித்து அதில் விட்டேன். கொஞ்ச நேரத்தில் உடம்பைத் தூக்கித் தூக்கி இறக்க ஆரம்பித்தது.

“இங்க பாரு, இன்னாமா தண்டால் எடுக்குது!” என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. “யோவ், அது மூச்சு முட்டி தவிச்சிகினு கீது. ஓடுற தண்ணியிலதான் அதுக்கு காத்து கிடைக்கும். சீக்கிரம் வுடுய்யா!”

பாக்ஸை ஓடையில் சாய்த்துப் பிடித்தேன். புதுத் தண்ணீர் உள்ளே பாய்ந்ததும் தண்டால் நின்றது. பூச்சி மெல்ல வெளியே வந்து, அதே கல்லுக்கு அடியில் புகுந்துகொண்டது.

“றெக்க மொளைக்கிற வரைக்கும் கல்லுதான் அதுக்கு வூடு. உன்ன மாதிரிதான், வூட்ட வுட்டா வேற எங்கியும் தங்காது” என்றாள்.

அதுவரை அந்தக் கற்கள் எனக்கு வெறும் லோடு. இப்போது ஒரு கல்லை மிதிக்கவே கால் கூசுகிறது.

டிராக்டர் தர மாட்டேன். தலைவரே, கல்லை எடுத்துவிட்டால் அந்தப் பூச்சி எங்கே குடியிருக்கும்? கிராம சபையில், ஊரார் முன்னால் பதில் சொல்லுங்கள்.