விசிலை வாயாடியிடம் கொடுத்தேன்

பள்ளிக்கூடத்துக்குள் நான் மறுபடி கால் வைத்தபோது வயது நாற்பத்தொன்று. காக்கி யூனிஃபார்ம், கையில் ஒரு தீயணைப்பான். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். கரும்பலகையைப் பார்த்தால் இன்றும் உள்ளங்கை வேர்க்கும். எரிகிற குடிசைக்குள் போகச் சொன்னால் போய்விடுவேன். ஆனால் ஹோஸ் பொத்தலாக இருக்குமோ, பம்ப் நின்றுவிடுமோ, வீட்டில் கேஸை மூடினார்களோ என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போவேன்.

தொண்ணூறுகளின் நடுவில், மயிலாப்பூரில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன் மாணவிகளுக்குப் பொதுப் பாதுகாப்பு வேலைகள் பற்றி ஒரு பயிற்சி தொடங்கினார்கள். போலீஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு என்று துறைக்கு ஆறு சனிக்கிழமை. எங்கள் ஸ்டேஷன் ஆபீசர் என்னைக் கூப்பிட்டார்.

"நீதான்யா போற."

"சார், நான் ஒன்பதாவதே முடிக்கல."

"நெருப்பு உன்கிட்ட சர்டிஃபிகேட் கேட்டுச்சா? ஒழுங்கா நடத்தி, ஹெச்.எம். கையால ஒரு லெட்டர் வாங்கிட்டு வா. லீடிங் ஃபயர்மேன் ப்ரமோஷன் லிஸ்ட்ல உன் பேர் தொங்கிட்டு இருக்கு. லெட்டர் வந்தா மேல ஏறும். கம்ப்ளெயின்ட் வந்தா ஊருக்கு வெளிய டிரான்ஸ்ஃபர்."

எனக்கு மந்தைவெளியில் வாடகை வீடு. மகள் ஏழாம் வகுப்பு. மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

1. முதல் சனிக்கிழமை

தலைமையாசிரியை அறை வாசலில் நான் ஷூவைக் கழற்றிவிட்டு, கை கட்டி நின்றேன். அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"எதுக்கு ஷூவைக் கழட்டினேள்?"

"பழக்கம்மா."

"போட்டுண்டு போங்கோ. கிளாஸ்ல அம்பது பேர் இருக்கா. வெறுங்காலோட நின்னா சிரிப்பா."

ஷூ போட்டுக்கொண்டு போயும் சிரித்தார்கள். காரணம் கஸ்தூரி. அடையாற்றங்கரைக் குடிசைப் பகுதியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாலும் குரல் முதல் பெஞ்சில் இருக்கும்.

"சார், ஒரு டவுட்டு. நீங்க இன்னா வரைக்கும் படிச்சிகீறீங்க?"

"தேவையான வரைக்கும்."

"அது எத்தினியாவது சார்?"

நெருப்புக்கு எரிபொருள், காற்று, சூடு மூன்றும் வேண்டும் என்று முக்கோணம் வரைந்தேன். அதில் ஒரு கோடு வளைந்துவிட்டது. "சார், இது முக்கோணமா, சமோசாவா?" என்றாள்.

எங்கள் டிரில்லில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவரிடம் விசில் இருக்கும். ஆபத்து கண்ணில் பட்டால் அவர் நீளமாக ஒருமுறை ஊத வேண்டும். ஊதினால், டிவிஷனல் ஆபீசரே ஆனாலும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். ஏன், எதற்கு என்பதெல்லாம் அப்புறம். அந்த விசிலைக் கஸ்தூரியிடம் கொடுத்தேன். அவள் திறமையைப் பார்த்துக் கொடுக்கவில்லை. வாயில் விசில் இருந்தால் டவுட்டு வராது என்று கொடுத்தேன்.

2. ஆறாவது சனிக்கிழமை

கடைசி நாள் மைதானத்தில் டெமோ. பாதியாக வெட்டிய இரும்புப் பீப்பாயில் தண்ணீர் ஊற்றி, மேலே டீசல், பற்ற வைக்கக் கொஞ்சம் பெட்ரோல். நெருப்பு எழுந்ததும் மாணவிகள் நுரை அடித்து அணைக்க வேண்டும். தலைமையாசிரியை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார்.

காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். நெருப்பு பரவினால்? சைக்கிள் ஸ்டாண்டின் ஓலைக்கூரையை நனைத்தேன். வேப்பமரத்தை நனைத்தேன். வாட்ச்மேன் ஸ்டூலையும் நனைத்திருக்கிறேன். அவர் உட்கார்ந்து எழுந்த பிறகுதான் தெரிந்தது. பெட்ரோலைப் பாதியாகக் குறைத்தேன். அதிலும் பாதியைக் குறைத்தேன்.

பத்தரை மணி வெயில். நீளக் கம்பில் துணிப்பந்தம் கட்டி நீட்டினேன். பற்றவில்லை. மறுபடி நீட்டினேன். இல்லை. எங்கள் வண்டி டிரைவர் துரை பின்னாலிருந்து சொன்னான்:

"நைனா, உன்னைப் பார்த்து நெருப்பே பயந்துக்கினு கீது."

ஐம்பது பெண்களும் சிரித்தார்கள். தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். "நேக்கு பதினோரு மணிக்கு மீட்டிங். இன்னிக்கு எரியுமோல்லியோ?"

லெட்டர் பறந்துபோவது கண்ணுக்குத் தெரிந்தது. பெட்ரோல் கேனைத் தூக்கிக்கொண்டு பீப்பாயை நோக்கி நடந்தேன்.

நீளமாக ஒரு விசில்.

இருபது வருடப் பழக்கம். ஒரு காலைத் தூக்கியபடியே நின்றேன்.

"சார், கேனைக் கீய வைங்க! உங்க பக்கம் ஓரமா எரிஞ்சிக்கினு கீது!"

பீப்பாயின் விளிம்பு எனக்கு மறைத்திருந்தது. பக்கவாட்டில் நின்றவளுக்குத் தெரிந்திருக்கிறது. உள்பக்கச் சுவரை ஒட்டி, விரல் உயரத்துக்கு நெருப்பு ஊர்ந்துகொண்டிருந்தது. என் கையில் மூடி திறந்த கேன். அதை மூடி, பின்னாலேயே நடந்து, தூரமாக வைத்தேன். நெருப்பு மெதுவாக நடுவுக்கு வந்து குப்பென்று எழுந்தது. பெண்கள் நான்கு பேர் காற்று முதுகில் படும்படி நின்று நுரையடித்தார்கள். நான் நெற்றியைத் துடைத்து முடிப்பதற்குள் அணைந்துவிட்டது.

தலைமையாசிரியை எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"பாடம் நடத்தறவரைப் பார்த்து விசிலடிச்சு, கத்தி, நிக்கச் சொல்றா. இதுதான் டிசிப்ளினா? இவளுக்கு சர்டிஃபிகேட் கிடையாது."

கஸ்தூரி விசிலை என் பக்கம் நீட்டினாள். நான் சும்மா இருந்தால் லெட்டர் வந்துவிடும். பேசினால், எரிகிற பீப்பாய்க்குப் பெட்ரோல் கேனோடு போனவன் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி.

"அம்மா, அது ஏற்கெனவே எரிஞ்சிட்டு இருந்துச்சு. எனக்குத் தெரியல. இவ ஊதலேன்னா இந்நேரம் நான் ஆஸ்பத்திரியில. தப்பு என்னுது."

"அதுக்காக..."

"நான் ஒன்பதாவதுல பாதியில நின்னவம்மா. பள்ளிக்கூட வழக்கம் முழுசாத் தெரியாது. எங்க வழக்கத்துல இவளுக்குத்தான் முதல் மார்க்."

அவர் மீட்டிங்குக்குப் போய்விட்டார். கஸ்தூரி என் காதருகே கேட்டாள்: "ஒம்போதாவதா சார்? இத்த மொத நாளே சொல்லியிருக்கலாம்ல?"

3. லெட்டர்

பத்து நாள் கழித்து, காலையில் பெயர் கூப்பிடும் ரோல் காலின்போது ஸ்டேஷன் ஆபீசர் ஒரு கவரைப் பிரித்து எல்லோர் முன்னாலும் படித்தார். "மாணவி நிறுத்தச் சொன்னதும் நின்றார். தவறு தம்முடையது என்று அவள் எதிரிலேயே சொன்னார். அவளுக்குச் சான்றிதழ் வழங்கப்பட்டது. இந்த ஆசிரியரையே அடுத்த ஆண்டும் அனுப்பவும்."

"ஏன்யா, இது பாராட்டா, புகாரா?"

துரை சொன்னான்: "ஆசிரியர்னு போட்டிருக்கு சார். லெட்டர்ல மட்டும் இல்ல, நல்லா பாருங்க, கவர் மேலயும்."

கேன் விஷயத்துக்கு ஆபீசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு அரைமணி நேரம் திட்டினார். திட்டிவிட்டு, லெட்டரை லிஸ்டோடு சேர்த்து மேலே அனுப்பினார். அடுத்த வருடம் தோளில் லீடிங் ஃபயர்மேன் பட்டையோடு அதே பள்ளிக்குப் போனேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். அன்று நான் பயப்படாத பொருளே இல்லை. ஸ்டூல் வரை பயந்தேன். பார்க்க வேண்டிய ஒரு விளிம்பை மட்டும் பார்க்கவில்லை. பயந்ததாலேயே கவனமாக இருக்கிறோம் என்று நினைத்துவிடாதீர்கள். உங்களை நிறுத்தும் உரிமையை இன்னொருவரிடம் கொடுத்துவையுங்கள்.

அதற்குப் பிறகு எந்தப் பள்ளிக்குப் போனாலும் என் முதல் கேள்வி, "இந்த கிளாஸ்ல ரொம்ப வாய் யாருக்கு?" என்பதுதான். எல்லா விரலும் ஒரே பக்கம் நீளும். அங்கே போய் விசிலைக் கொடுத்துவிடுவேன். கரும்பலகையில் சமோசா வரைவது அதற்குப் பிறகுதான்.