கிரைண்டர் ஓடினால்தான் தூங்குவாள்

பிள்ளைகளே, உங்கள் வீட்டில் யாராவது "அசதியா இருக்குது" என்று சொன்னால் உடனே அறிவுரை சொல்லாதீர்கள். எனக்குச் சொன்னவர்கள் எல்லோர் மேலும் இன்னும் கோபம் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் செஞ்சியில் இட்லி மாவு அரைத்து விற்கிறவன். கோட்டை மலைக்குக் கீழே எங்கள் தெரு. என் மனைவி ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். விடியும்போதே கம்பெனி பஸ் தெருமுனைக்கு வந்து ஹாரன் அடிக்கும். திரும்பி வர இருட்டிவிடும். அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. லைனில் வேகமாகத் தைக்கிறவள் என்று பெயர் வாங்கியிருந்தாள். அதனால் பகல் முழுக்க எங்கள் மகளைப் பார்த்துக்கொள்வது நான்தான். அப்போது அவளுக்கு ஒன்றரை வயது. நடக்கப் பழகியவள் இல்லை, ஓடப் பழகியவள்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. பிறந்ததிலிருந்து கிரைண்டர் சத்தத்திலேயே வளர்ந்ததால், பகலில் கிரைண்டர் ஓடினால்தான் தூங்குவாள். கல் சுற்ற ஆரம்பித்ததும் கண் சொருகும். சுவிட்சை நிறுத்தினால் அந்த நொடியே எழுந்து "நைனா!" என்று என்னைக் கத்திக் கூப்பிடுவாள். உளுந்து அரைக்கும்போது பக்கத்திலேயே நிற்க வேண்டும். தண்ணீர் தெளித்து, ஓரத்தில் ஒட்டுவதைக் கையால் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அவள் தூங்கும் நேரம் எனக்கு வேலை நேரம். வேலை முடிந்தால் அவள் முழித்துக்கொள்வாள். ராத்திரியிலோ, கேட்கவே வேண்டாம். கிரைண்டரும் இல்லை, தூக்கமும் இல்லை.

இது தெரியாமல்தான் ஊரே எனக்குப் புத்தி சொன்னது. "கொழந்த தூங்கும்போது நீயும் செத்த படுத்துக்கயேன் மாப்ள, இதுல இன்னா கஷ்டம்?" இதை அதிகமாகச் சொன்னவர் என் மச்சான், மனைவியின் அண்ணன். பால் சொசைட்டியில் வேலை. மத்தியானம் தவறாமல் தூங்குகிறவர்.

எதிர்வீட்டு அக்கா திருஷ்டி என்றது. எலுமிச்சம்பழத்தைச் சுற்றிப் போட்டது. மெடிக்கல் கடைக்குப் போய், "எழுந்தா தலை சுத்துது, படி ஏறுனா மூச்சு வாங்குது" என்றேன். கடைக்காரர் என் இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்துவிட்டு, "வீட்ல பொம்பளைங்க யாரும் இல்லியா?" என்று கேட்டார். தலை சுற்றுவது எனக்கு. கேள்வி அதுவா? ஒரு டானிக்கைக் கொடுத்து அனுப்பினார். பிள்ளைக்குத்தான் அதன் ருசி பிடித்திருந்தது, பாட்டிலை ஒளித்து வைக்க வேண்டியதாயிற்று.

நான் யாரிடமும் முழுசாகச் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும். "ஆம்பளையால முடியுமா? தங்கச்சி வேலைய வுட்டுட்டு வூட்ல இருக்கட்டும்" என்று மச்சான் ஆரம்பிப்பார். பிள்ளை பிறந்ததிலிருந்தே அவர் அதற்குத்தான் காரணம் தேடிக்கொண்டிருந்தார்.

அமாவாசை வந்தது. எங்கள் பக்கம் அமாவாசை ராத்திரி நிறைய வீடுகளில் சோறு கிடையாது, இட்லியோ தோசையோதான். அதனால் எனக்கு அன்றைக்குத்தான் பெரிய வியாபாரம். மச்சானுக்கு அன்றைக்கு மேல்மலையனூர் போக வேண்டும், ராத்திரி நடக்கும் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவம் பார்க்க வேண்டும். ஸ்பெஷல் பஸ் ஏறுவதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்தார். "நீயும் வா மாப்ள, ஆத்தா பாத்துக்குவா, எல்லா அசதியும் போய்டும்" என்றார்.

"இத்தினி பேரு மாவுக்கு நிக்கிறாங்க, எப்படி வர்றது?" என்றேன்.

வாசலில் ஆட்கள் பாத்திரத்தோடு நின்றார்கள். மகள் என் தோளில் ஏறி முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். கூரைத் தகரத்தில் குரங்கு தடதடவென்று ஓடியது. பெரிய மாவு டப்பாவைத் தூக்கி நிமிர்ந்தேன். கண் இருட்டியது. அவளை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

மச்சான் பிள்ளையை வாங்கிக்கொண்டார். எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கவில்லை. வாசலில் நிற்கிறவர்களுக்கே கேட்கிற மாதிரி, "நான் அப்பவே சொன்னேன்ல? இது ஆம்பள பாக்குற வேலையா?" என்றார்.

மனைவி வரும்வரை அவர் கிளம்பவில்லை. இருட்டியதும் அவள் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "நாளையிலேர்ந்து நீ வேலைக்குப் போவாத" என்றார் மச்சான் அவளிடம்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"சரிண்ணா. நான் நிக்கிறேன். அதுக்கு முன்னாடி நீ ஒண்ணு பண்ணு. கோயிலுக்குப் போய்ட்டு நேரா இங்க வா. நாளைக்கு ஒரு நாளு பாப்பாவ நீ பாத்துக்க. இவரு ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வரட்டும். சாயந்திரம் பேசிக்கலாம்."

"இதுல இன்னா இருக்குது? ஒரு கொழந்த" என்றார் மச்சான்.

மறுநாள் நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்தார். பிள்ளையை அவர் கையில் கொடுத்தேன். "கிரைண்டர் ஓடுனாதான் தூங்குவா மச்சான்" என்று மட்டும் சொல்லிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டரம்மா என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "காலைல இன்னா சாப்டீங்க?"

"டீ."

"சாப்ட்டது இன்னான்னு கேட்டேன்."

அப்போதுதான் யோசித்தேன். பாப்பா தட்டில் மிச்சம் வைத்தது. நேற்றும் அதுதான். மத்தியானம் அவள் துப்பிய பருப்புச் சோறு. நடுவில் டீ, பசித்தால் டீ, தூக்கம் வந்தால் டீ. தெருவுக்கே மாவு அரைக்கிறேன், உட்கார்ந்து முழு இட்லி தின்று எவ்வளவு நாளாயிற்று என்று தெரியவில்லை.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் ரொம்பக் குறைவாக இருக்கிறது என்றார் டாக்டரம்மா.

"தூங்காததுதான்னு எல்லாரும் சொல்றாங்கம்மா" என்றேன்.

"தூக்கமும் ஒரு காரணம்தான். அது மட்டும்தான்னு முடிவு பண்ணிடக் கூடாது. ஆம்பளைக்கு ரத்தம் இப்படிக் குறைஞ்சா ஏன்னு பாத்தே ஆவணும். சரியா சாப்டாததா இருக்கலாம், வயித்துல பூச்சியா இருக்கலாம், உள்ள எங்கியாவது ரத்தம் போவலாம். சக்கரை, தைராய்டும் பாத்துடலாம். இரும்புச்சத்து மாத்திரை தர்றேன், அத டீயோட போடாதீங்க, சத்து ஒட்டாது. இவ்ளோ நாளு ஏன் வரல?"

ஏன் வரவில்லை! வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. திருஷ்டி சொன்னார்கள், டானிக் கொடுத்தார்கள், ஆம்பள பொம்பள என்றார்கள். "சாப்டியா?" என்று ஒருத்தர் கேட்கவில்லை. கிண்டல் செய்தவர்களுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்ததை நினைத்து என் மேலேயே பல்லைக் கடித்தேன்.

தெருவில் நுழையும்போதே கிரைண்டர் சத்தம் கேட்டது. அன்றைக்கு நான் உளுந்து ஊறப்போடவே இல்லை. உள்ளே போனேன். பாப்பா பாயில் தூங்குகிறாள். மச்சான் பனியனோடு சுவரில் சாய்ந்து நிற்கிறார். கிரைண்டரில் வெறும் தண்ணீர் சுற்றிக்கொண்டிருக்கிறது.

"கல்லு தேஞ்சிடும் மச்சான்!" என்று சுவிட்சுக்குக் கையை நீட்டினேன்.

"தொடாத மாப்ள! நிறுத்துனா முழிச்சிக்கிறா. மூணு வாட்டி நிறுத்திப் பாத்துட்டேன். முழிச்சா குரங்கு மாதிரி ஜன்னல்ல ஏறுறா. நான் இன்னும் டீகூட குடிக்கல."

"அவ தூங்கும்போது நீங்களும் செத்த படுத்திருக்கலாமே?" என்றேன். சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

"இந்தச் சத்தத்துலயா?" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் கிரைண்டரில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார்.

இருட்டியதும் மனைவி வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை. "சொல்லுண்ணா, நாளைக்கு நான் வேலைக்குப் போவட்டா, நிக்கட்டா?"

"எனக்கு பஸ்ஸு போய்டும்" என்று சட்டையை மாட்டினார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. மாவு மட்டும் இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் விடியும்போது தெருமுனையில் ஹாரன் கேட்டது. மனைவி என் தட்டில் இட்லியை வைத்து, "நான் பாக்கத் தின்னு" என்றாள். ஒரு வாய் போனதும்தான் படி இறங்கினாள். பஸ் போயிற்று. மகள் ஓடி வந்து என் தட்டைப் பிடித்து இழுத்தாள். அவள் தட்டு நிறைய அவளுக்கு இருக்கிறது, ஆனாலும் என்னுடையதுதான் வேண்டுமாம்.

"இது நைனாவுது" என்றேன்.

வீடு அதிர அழுதாள். எதிர்வீட்டு அக்கா வெளியே வந்து, "பச்சப் புள்ளைக்குக் குடுக்காம தின்றியே" என்றது. கிரைண்டர் சுவிட்சைப் போட்டுவிட்டு, எழுந்து நின்றபடியே கடைசி இட்லி வரைக்கும் நானே தின்றேன்.